மாமா எடுத்த தெளிவான படம்

மாமாவின் முதல் படங்களில் யாருக்கும் முகம் இருந்ததில்லை. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிச்சம், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறைகள், அவ்வளவுதான். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது அவர் எடுத்த என் படம் ஒன்று இன்னும் வீட்டில் கிடக்கிறது. எனக்குப் பின்னால் இருக்கும் கொடியும், கொடியில் காயும் துண்டும், துண்டின் ஓரத்தில் தொங்கும் நூல்பிசிறும் அதில் அப்படியே தெரிகின்றன. முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் நான் மட்டும் தண்ணீருக்கு அடியில் நிற்பதுபோல இருக்கிறேன்.

அவர் அம்மாவின் தம்பி. கடலூர்க்காரர். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் புதுச்சேரிக்கு வந்து எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டார். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போவார், சாயங்காலம் வருவார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். அவரால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. ஆகவே அவரைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததும் இல்லை. கேமரா வந்த பிறகுதான் எல்லோரும் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போன கேமரா அது. மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்த விதமே சரியில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே டிபன் டப்பாவை வைத்து மறைத்துக் கொண்டுவந்தார். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கடைத்தெருவில் பையும் சூட்கேசும் விற்கும் கடை. ஒரு பையில் எவ்வளவு கனம் இருக்கிறது என்று தூக்கிவருபவரின் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"பையில என்னாப்பா?" என்றார்.

"ஒண்ணுமில்ல மச்சான்."

ஒன்றுமில்லாத பையை ஒருவர் மார்போடு அணைத்துக்கொண்டு மாடி ஏறுவதை அத்தா கடைசிப் படிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே விஷயம் தெரிந்துவிட்டது. கேமரா வைத்திருப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் எடுத்த படத்தை மாமா யாருக்கும் காட்டமாட்டார். அம்மா டீ கொண்டுபோனால் சட்டென்று கேமராவை அணைத்துவிடுவார். அத்தாவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டால் அது தலையணைக்கு அடியில் போய்விடும். எடுத்ததெல்லாம் கலங்கல், காட்டினால் சிரிப்பார்கள் என்ற வெட்கம்தான் காரணம். அது எனக்குத் தெரியும். வெட்கப்படுகிறவனும் கள்ளத்தனம் பண்ணுகிறவனும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது.

"நல்ல படமா இருந்தா ஏன் மூடணும்?" என்று அத்தா அம்மாவிடம் கேட்டார்.

கடலூரில் மாமாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. தம்பி மாடியில் உட்கார்ந்து எதையோ ஒளித்து ஒளித்துப் பார்க்கிறான் என்ற பேச்சு பெண்வீட்டார் காதில் விழுந்தால் என்ன ஆவது என்று அம்மாவுக்குப் பயம். நேரே கேட்டால் மாமாவுக்கு ரோசம் வந்துவிடும். ஆகவே என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"மாமா எங்க போனாலும் நீயும் கூடப் போ. என்னா எடுக்குறான், யாரை எடுக்குறான்னு பாத்து வந்து எங்கிட்ட சொல்லு. நான் கேட்டேன்னு அவங்கிட்ட சொல்லாத."

அதுவரை வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இருந்ததில்லை. தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் பைக்கில் கிளம்புவோம். ஒரு முறை நோணாங்குப்பம் படகுத்துறைக்குப் போனோம். இன்னொரு முறை வெள்ளென எழுந்து வடக்கே கனகசெட்டிக்குளம் வரை போனோம். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா மணலில் ஓடி ஓடி எடுத்தார். வேலை முடிந்ததும் வலை இழுத்தவர்களில் ஒருவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்து, "காட்டு தம்பி, எப்படி விழுந்திருக்கேன்னு பாப்போம்" என்றார். மாமாவால் மறுக்க முடியவில்லை. வலைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கயிறு நல்லா இருக்கு. நான் எங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது வழியில் இரண்டு இடத்தில் பைக்கை நிறுத்தி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வெறி. படம் அழகாக வர வேண்டும் என்றுகூட அவர் ஆசைப்படவில்லை. தெளிவாக வந்தால் போதும். ஃபோனில் வீடியோ பார்ப்பார், பார்த்ததை என்னிடம் சொல்வார், பிறகு செய்து பார்ப்பார். கடற்காற்றின் உப்பு லென்சின்மேல் மெல்லிய படலமாகப் படிந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தார். துடைத்ததும் பாதி மூட்டம் போனது. மீதிப் பாதி அவர் கையில் இருந்தது.

"கைதான் ஆடுது, குட்டி. நமக்குத் தெரியல, அதுக்குத் தெரியுது" என்பார். முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்று, மூச்சைப் பாதி விட்டு அப்படியே நிறுத்தி, பொத்தானை அழுத்தாமல் விரலை அதன்மேல் மெல்ல உருட்டுவார். எதைப் பிடிப்பது என்பதைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டால் அது ஆளை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்பது கனகசெட்டிக்குளத்தில் கற்ற பாடம். அதனால் கட்டத்துக்குள் தெரியும் சின்னப் புள்ளியை நாமே நகர்த்தி எதிரில் இருப்பவரின் கண்மேல் கொண்டுபோய் வைக்க வேண்டும். கண் தெளிவாக விழுந்துவிட்டால் மற்ற குறைகளைப் பார்க்கிறவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு சொல் சிந்தாமல் அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"மாமா மூச்சை நிறுத்திட்டுப் பாக்குறாரு."

"யாரை?"

"யாரைன்னு இல்ல. கண்ணு மேலயே வெக்கணுமாம். கண்ணு கெடச்சிட்டா மத்ததெல்லாம் தானா வந்துடுமாம்."

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இன்னும் என்னா சொன்னான்?"

"அவங்களுக்குத் தெரியாம எடுத்தாதான் நல்லதாம். தெரிஞ்சிட்டா அசைஞ்சிடுவாங்களாம்."

நான் பொய்யே சொல்லவில்லை. அம்மாவின் முகம் ஏன் அப்படிப் போகிறது என்று எனக்குப் புரியவில்லை. வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளும் அசைகிறார்கள், படகும் அசைகிறது என்பதால் மாமா அசையாத ஒன்றைத் தேடினார். எங்கள் தெரு குறுகலானது. எதிர்வீடு பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், பச்சை மரச் சன்னல்கள், பெரிய தெருக்கதவு. அதற்கு இடப்பக்கம் ஒரு சின்னக் கதவு. இரண்டுக்கும் நடுவில் நீல எனாமலில் வெள்ளை எழுத்தில் வீட்டு எண் போட்ட தகடு. தகட்டின் மூலைகளில் ஆணி, ஆணியைச் சுற்றித் துரு. எங்கள் மொட்டைமாடிச் சுவரிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்.

"அந்தத் துரு பொடிப்பொடியாத் தெரியணும். அதான் எனக்குப் பரீட்சை" என்றார் மாமா.

கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் கிடைக்கும் நேரத்தில், வெயில் ஏறாத வெளிச்சத்தில், தினமும் அதையே எடுத்தார். ஒரு துணிப்பையில் அரிசி நிரப்பிச் சுவர்மேல் வைத்து, அதில் கேமராவைக் குழித்து உட்காரவைப்பார். பொத்தானை அழுத்துகிற விரல்கூட ஆட்டிவிடும் என்று டைமர் வைப்பார். பிறகு தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கேமராவின் திரையில் அந்தத் தகட்டை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவில் யானை போனாலும் அவருக்குத் தெரியாது. நான் நடந்தால் தரை அதிரும் என்று என்னைச் சுவருக்கு அடியில் குந்தவைத்துவிடுவார்.

அந்த எதிர்வீட்டில் ஒரு அம்மா தனியாக இருந்தார். தெருவில் எல்லோரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள்; அவர் பதிலுக்கு ஆண்களை முசியே என்பார். புருஷன் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து இறந்துபோனவர். மதாம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் வெள்ளை உடுப்பில் ஸ்கூட்டரில் போவார். அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர்தான். ஆனால் நிமிர்ந்த நடை, குட்டையாக வெட்டிய முடி. எங்கள் தெருப் பெண்கள் அவர் எதிரில் மரியாதையாகவும், அவர் ஸ்கூட்டர் திரும்பிய பிறகு வேறுமாதிரியாகவும் பேசுவார்கள்.

"தினமும் எதிர்வீட்டையா எடுக்குறான்?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. தலையில துண்டு போட்டுக்கிட்டு."

அதற்குமேல் அம்மா, அரிசி ஏன் குறைகிறது என்று மட்டும் கேட்டாள்.

அரிசிப்பை வந்த சில நாட்களில் துரு தெரிந்தது. மாமா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஆணியின் தலையில் இருந்த பள்ளம்வரை காட்டினார். அப்போதுதான் நான் கேட்டேன்.

"மாமா, இது என்னா கறை?"

தகட்டுக்கு இடப்பக்கம், சின்னக் கதவு இருக்கும் இடத்தில், உயரமாக ஒரு கலங்கல் நின்றது. அதை ஒட்டி இன்னொரு கலங்கல், வெள்ளையாக.

"ஆளுங்க. அசைஞ்சிருக்காங்க. தகடு அசையாதுல்ல, அதுக்குப் பையே போதும். ஆளுன்னா ஷட்டர் வேகமா மூடணும்" என்றார் மாமா. சொல்லிவிட்டு முந்தின நாள் படத்துக்குப் போனார். அதிலும் அந்த இரண்டு கலங்கல்கள் இருந்தன. அதற்கு முந்தின நாள் படத்திலும் இருந்தன. அவர் படங்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். பிறகு கேமராவை அணைத்துவிட்டு, தெருவைக் கொஞ்சநேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிகாலையில் நான் எழுந்து மாடிக்குப் போனபோது, "நீ போய்த் தூங்கு குட்டி" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சாயங்காலம் என்னிடம் கேட்டார்:

"அத்தா விடிகாலையில சுபுஹு தொழுதுட்டு எங்க போவாரு?"

"கடற்கரைக்கு. நடக்க."

"தினமுமா?"

"தினமும்தான். உடம்புக்கு நல்லதாம்."

மாமா சிரிக்கவில்லை. "நான் கேட்டேன்னு அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அதன்பிறகு அவர் பாடம் சொல்வதை விட்டுவிட்டார். முகம் இறுகிப்போய், கம்பெனியில் யாரிடமோ இரவல் வாங்கிய நீளமான லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, விளக்கைக் குறைத்தும் கூட்டியும் என்னென்னவோ செய்துபார்த்தார். காற்றாடியை மெதுவாகச் சுற்றவிட்டு அதன் இறக்கையைப் படம் எடுப்பார். இறக்கை ஓரம் கூர்மையாக விழும்வரை எடுத்துக்கொண்டே இருப்பார். குறைந்த வெளிச்சத்தில், அசைகிற ஆளை, அசையாதது போலப் பிடிக்க வேண்டும். அதுதான் அவருக்கு அப்போது வேண்டியிருந்தது.

அம்மாவிடம் சொல்லாதே என்று மாமா சொன்னார். மாமாவிடம் சொல்லாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டில் அம்மா முதலில் சொன்னவள் என்பதால் அவள் பக்கம் நின்றேன். மாமா அத்தாவைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தாவையா கேட்டான்? மாடியிலேருந்து எதிர்வீட்டைப் பாத்துட்டு வந்து அத்தாவையா கேட்டான்?"

அன்று துணி துவைக்கும்போது அத்தாவின் சட்டையை எடுத்து அதன் கையை மோந்து பார்த்தாள். மறுபடி மோந்தாள். என்னைக் கூப்பிட்டு என் மூக்கில் வைத்தாள்.

"என்னா வாசம் வருது?"

"ஆஸ்பத்திரி வாசம்" என்றேன்.

அம்மா துவைக்கும் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தர் வாசம் வர வேண்டிய சட்டையில் ஆஸ்பத்திரி வாசம் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற பெருமைதான் எனக்கு.

இதற்கு நடுவில் அத்தாவும் என்னைப் பிடித்தார். கடைக்கு வரச்சொல்லி, ஒரு சின்னச் சிவப்புப் பையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க மாமா காலையில எந்தப் பக்கமாப் பாத்து எடுக்குறான்?"

"எதிர்வீட்டுப் பக்கம்."

"அம்மா எடுக்கச் சொன்னாளா?"

"இல்ல. என்னைத்தான் கூடப் போகச் சொன்னாங்க."

அத்தா தாடியைத் தடவிக்கொண்டார். தன்னை வேவு பார்க்க அம்மாவும் மாமாவும் சேர்ந்து ஏற்பாடு செய்திருப்பதாக அந்த நொடியில் அவர் முடிவு செய்துவிட்டார் என்பதைப் பல வருஷம் கழித்து அவரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு, "சரி, நான் கேட்டேன்னு யாருக்கும் சொல்லாத" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மா அத்தாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டாள். மாமா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். அத்தா மாமாவின் கழுத்தில் கேமரா தொங்குகிறதா என்று மட்டும் பார்த்தார். எல்லோரும் என்னிடம் மட்டும் அன்பாக இருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மழை பெய்து ஓய்ந்தது. மறுநாள் காலை வெளிச்சம் கழுவிவிட்டதுபோல இருந்தது. மாமா அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் மாடியில் இருந்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கேமராவைப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் முதலில் கண்ணில் பட்டது தகடுதான். எண்களின் ஓரம் கத்தியால் வெட்டினதுபோல இருந்தது. தகட்டின் மேல் ஒரு பல்லி, அதன் விரல்கள்கூடத் தனித்தனியாக. மாமா ஜெயித்துவிட்டார். ஆனால் குளித்துவிட்டு வந்தவர் முகத்தில் ஜெயித்த களை இல்லை. கம்பெனி பஸ்ஸுக்குக்கூடப் போகாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது அத்தா ஆரம்பித்தார்.

"எதிர்வீட்டு மதாம் கேக்குறாங்க. உங்க வீட்டு ஆளு தினமும் எங்க வாசலைப் படம் எடுக்குறாரே, எதுக்குன்னு. எனக்குத் தலைகுனிவா இருக்கு."

"மதாம் உங்ககிட்ட எப்பக் கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"வழியில."

"எந்த வழியில?"

அத்தா மாமா பக்கம் திரும்பினார். "கேமராவை எங்கிட்ட குடு. நான் மட்டும் பாக்குறேன். தப்பா ஏதும் இருந்தா அழிச்சிடலாம். விஷயம் இதோட போகட்டும்."

"தரமுடியாது மச்சான்."

"ஏன், அவ்ளோ தப்பான படமா?"

மாமா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆமா. தப்பான படம்தான். எடுத்தது நான்தான். வேற யாரையும் எதுவும் கேக்காதீங்க. நான் இன்னிக்கே கடலூருக்குப் போறேன்."

"டேய்" என்றாள் அம்மா. "நீ யாரைக் காப்பாத்துறே?"

மாமா மாடி ஏறிப்போனார். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. அத்தா நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கடலூர்ச் சம்பந்தம், மாமாவின் வேலை, எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் முடிந்துபோனதாக எனக்குத் தோன்றியது.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. தப்பான படமாம். நான் பார்த்திருக்கிறேனே, அதில் இருப்பது தகடும் பல்லியும்தானே. எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மாமாவைப் போகவிடமாட்டார்கள். மாடிக்கு ஓடினேன். மாமா சுவர்ப்பக்கம் குனிந்து துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த கேமராவிலிருந்து கார்டைக் கழற்றினேன். பென்டிரைவில் பயான் சொற்பொழிவு போட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம், ஆகவே டிவியில் எங்கே செருகுவது என்று தெரியும். கார்டை வைக்கும் சின்னக் கருவியும் அவர் பையில்தான் இருந்தது; இரண்டையும் எடுத்துக்கொண்டு கீழே ஓடிவந்து செருகினேன்.

டிவியில் முதலில் பழைய படங்கள் வந்தன. கலங்கல் தகடு, அதைவிடக் கொஞ்சம் குறைந்த கலங்கல் தகடு, சாய்ந்த தகடு, நேரான தகடு. அத்தா, "என்னாது இது?" என்று ரிமோட்டைப் பிடுங்க வந்தார். அம்மா எழுந்து அவருக்கும் டிவிக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"ஓடட்டும்" என்றாள்.

சத்தம் கேட்டு மாமா படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "குட்டி, வேணாம், நிறுத்து" என்றார். நான் அதற்குள் கடைசிப் படத்துக்குப் போய்விட்டேன்.

டிவி முழுக்க எதிர்வீடு விரிந்தது. சுண்ணாம்பின் வெடிப்புகள், பல்லி, எண். தகட்டுக்கு இடப்பக்கம், சின்னக் கதவு திறந்திருந்தது. கதவு நிலையில் அத்தா நின்றார். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக் கண்களை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். மதாம் அவருக்கு மிக அருகில், அவர் புஜத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அத்தா அங்கே நிற்பதை அப்போதுதான் நானே பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாமா படியிலேயே உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். படம் அவ்வளவு நன்றாக வந்திருப்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்தேன். ஆகவே ரிமோட்டில் இன்னும் பெரிதாக்கினேன். மதாமின் விரல்கள் வந்தன.

"பாருங்க" என்றேன். "ஊசிகூடத் தெரியுது. அதோட ஆரஞ்சு மூடிகூட."

அம்மா முந்தானையை எடுத்துவிட்டு டிவிக்கு அருகில் போனாள். கிட்டே போனால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், ஆனாலும் போனாள். மதாமின் விரல்களுக்கு நடுவில் மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று அத்தாவின் புஜத்தில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு விரலிடுக்கில் அந்தச் சின்ன ஆரஞ்சு மூடி.

"ஊசியா?" என்றாள். அத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஊசியாங்க?"

அத்தா நாற்காலியில் உட்கார்ந்தார். "சர்க்கரை. மாத்திரை கேக்கல, தினம் ஊசி போடணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க அண்ணனுக்கு ஊசியில ஆரம்பிச்சி காலை எடுக்குறதுல போய் முடிஞ்சதை நீ பாத்தவ. தெரிஞ்சா நீ தூங்கமாட்டேன்னு சொல்லல. மருந்தை அவங்க ஃப்ரிட்ஜுலதான் வெச்சிருக்கேன்."

"அதுக்கு விடியற நேரத்துல, கதவோரம் நின்னுக்கிட்டு..."

"பொம்பளை தனியா இருக்குற வீடு. உள்ள போனா நாலு பேரு தப்பாப் பேசுவாங்க. அதான் வாசலைத் தாண்டல."

அம்மா டிவியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் அதையே சொன்னாள்.

மாமா படியை விட்டு எழுந்து வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தார். கேமராவின் சின்னத் திரையில் அவர் எத்தனையோ முறை பெரிதாக்கிப் பார்த்த படம்தான். மச்சானின் கை, மதாமின் கை, அவ்வளவு தெரிந்ததும் ஒவ்வொரு முறையும் அதற்குமேல் பார்க்காமல் அணைத்துவிட்டிருந்தார். "மன்னிச்சிடுங்க மச்சான்" என்றார். அத்தா, "நீ எதுக்குப்பா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா முகத்தைக் கழுவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்துபோனாள். திரும்பி வரும்போது கையில் மருந்துப் பெட்டி, பின்னால் மதாம். இனிமேல் ஊசியைத் தானே போடப்போவதாகவும், மதாம் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும் அறிவித்தாள். அத்தா முதல்முறையாகப் பயந்துபோனதுபோல இருந்தார்.

மதாம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு டிவியை நன்றாகப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

மாமா ரிமோட்டை எடுத்துப் படத்தைச் சின்னதாக்கினார்.

"அடுத்த தடவை சொல்லிட்டு எடு, முசியே. நல்ல புடவை கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன். இப்ப இதை அழி."

மாமா அந்த இடத்திலேயே அழித்தார். இத்தனை நாள் பாடுபட்டு எடுத்த, எல்லாமே தெளிவாக விழுந்த ஒரே படத்தை, பல்லியோடு சேர்த்து. எனக்குத் தாங்கவில்லை. தகடு எவ்வளவு நன்றாக விழுந்திருந்தது என்று வீட்டில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஷட்டரைப் பற்றியோ, அரிசிப்பையைப் பற்றியோ, மூச்சை நிறுத்துவதைப் பற்றியோ ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அந்த ஊசியைத்தான் பேசினார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் சாயங்காலம் வந்தது. அம்மா முந்திரியும் நெய்யும் தாராளமாகப் போட்டுச் சேமியா பாயசம் வைத்தாள். பெருநாள் இல்லை, விருந்தாளி இல்லை. ஒரு கிண்ணம் மாமாவுக்கு, ஒரு கிண்ணம் எனக்கு, மூடி போட்ட தூக்கில் எதிர்வீட்டுக்கு. எங்களுக்குத் தெரிந்தவர்களில் யாருக்கு நோய் என்று சேதி வந்தாலும் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அத்தாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றைக்குப் பார்த்து அவள் ஏன் இனிப்புச் செய்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதில் ஒரு கரண்டிகூடக் கிடைக்காமல், காலிக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தா, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதும் விளங்கவில்லை.